குறுக்கே எழுந்த பாட்டு

"பிரசங்கம் பண்ணச் சொல்லி ஆண்டவர் என்னை அழைச்சிருக்கார்" என்று மோசெல் காஸ்கின் எழுந்து நின்று சொன்ன அந்த மே மாத ஞாயிற்றுக்கிழமையில், பெனியேல் ஆலயமெங்கும் விசிறிகள் அசைந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் நின்றது. அது வெர்லீன் ஸ்டப்ஸின் கையில் இருந்தது.

மகிழ்ச்சியில் மலைத்துப்போய் நின்றது என்றே அருகிலிருந்தவர்கள் எண்ணினர். வெர்லீனும் மோசெலும் ஆறு வார இடைவெளியில் ஒரே செம்மண் சாலையில் பிறந்தவர்கள். ஒரே பெஞ்சில் அமர்ந்து எழுத்தறிந்தவர்கள். கோடைதோறும் ஒரே கொட்டகையில் புகையிலை கட்டியவர்கள். தோழி உயர்ந்தால் தோழி பூரிப்பாள் என்பது உலக வழக்கு. ஆனால் நாற்பத்திரண்டு வயது வெர்லீனின் நெஞ்சுக்குள் அன்று புரண்டது பூரிப்பு அன்று. அழுக்காறு என்னும் பாவம் அயலாரைக் கண்டு அவ்வளவாக எரிவதில்லை. கூடப் பிறந்ததையும் கூட வளர்ந்ததையும் கண்டால்தான் அதற்குக் கண் திறக்கும்.

காரணமும் இல்லாமல் இல்லை. அந்த அழைப்பு முதலில் வந்தது வெர்லீனுக்கு.

பத்தொன்பதாம் வயதில், ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கத்தில், கொட்டகையில் கோலில் புகையிலை கோத்துக்கொண்டிருந்தபோது வந்தது. மறுநாளே அவள் அப்போதைய போதகரிடம் போய்ச் சொன்னாள். அவளுக்கு என்ன கேட்டது என்று அவர் வினவவில்லை. "உனக்கு ஆண்டவர் குரலைக் குடுத்திருக்கார், மகளே. ஒரு கழுதை மேல ரெண்டு மூட்டை ஏத்த வேண்டாம்" என்று சிரித்து, ஆமென் மூலையில் அவளுக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பிரசங்க பீடத்தின் இடப்புறம் குறுக்காகக் கிடக்கும் மூன்று பெஞ்சுகளே அந்த மூலை. வெள்ளுடை அணிந்த தாய்மாரும் பழுத்த கிழவர்களும் அமரும் இடம். பிரசங்கம் பறக்கும்போது 'ஆமென்' என்று குரல் கொடுத்து அதற்குச் சிறகு கட்டுவதும், விழும்போது அதைத் தரையில் கிடத்துவதும் அவர்களே. அங்கே வெர்லீன் முதலில் வாய் திறக்காமல் வேறு எவரும் திறப்பதில்லை என்னும் நிலை முப்பது வயதிலேயே வந்துவிட்டது. பாட்டை எழுப்புகிறவளும் அவளே. அவள் ஒரு வரியைச் சொல்லிக் கொடுக்க, சபை அதை இழுத்து, வளைத்து, கடல் இரைவதுபோல் பாடும். பிறகு அடுத்த வரி. ஏட்டைப் பாராமல் இருநூறு கீர்த்தனைகள் அவள் நெஞ்சில் இருந்தன.

மோசெலுக்கோ பாட்டு வராது. அவள் பாடத் தொடங்கினால் நாய்கள் எழுந்து வெளியே போகும் என்பது ஊரார் கேலி.

அன்று வீடு திரும்பும் வழியில் வெர்லீனின் கணவன் ஹோரஸ் காரை ஓட்டியபடியே சொன்னான்: "நம்ம வீட்ல போன் இல்லல்ல. அதான் கர்த்தர் மோசெல் வீட்டுக்குக் கூப்பிட்டுட்டார்."

வெர்லீன் சிரிக்கவில்லை.

"என்னடி, சும்மா தமாஷுக்குச் சொன்னேன்."

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள். திருமணமாகி இருபது ஆண்டுகளில் அவள் அவனிடம் அந்த ஆகஸ்ட் மாதத்தைப் பற்றிச் சொன்னதே இல்லை.

*

மோசெல் அந்த வாக்கியத்தைச் சொல்ல வந்து சேர்ந்த பாதை குறுகியதன்று.

தென் கரோலினாவின் அந்தப் பகுதியில் கறுப்புப் பிள்ளைகளுக்கு இருந்த இரண்டறைப் பள்ளியில் பதினெட்டு வயதில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். பட்டம் இல்லாத ஆசிரியைக்கு மதிப்பு இல்லை. ஆகவே கோடை விடுமுறைதோறும் ஆறு வாரம் கல்லூரிக்குப் போய்ப் படித்தாள். ஒரு கோடைக்கு இரண்டு பாடம். பதினொரு கோடைகள். இடையே மணமாயிற்று, இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன, கணவன் மரம் அறுக்கும் ஆலையில் இறந்தான். கோடைகள் மட்டும் நிற்கவில்லை. அந்த ஆறு வாரங்களும் அவளுடைய குழந்தைகள் யார் வீட்டில் உண்டன, யார் மடியில் தலை பின்னிக்கொண்டன என்றால், வெர்லீன் வீட்டில்தான்.

"உனக்கு நான் எப்படி நன்றி சொல்லப் போறேன்னே தெரியல" என்பாள் மோசெல், பெட்டியைக் கீழே வைத்தபடி.

"போய் உக்காரு, சாப்பிடு" என்பாள் வெர்லீன். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் புத்தகங்களை அவள் ஒருமுறையும் திறந்து பார்த்ததில்லை. திறந்தால் தன் கை அவற்றைத் திரும்ப வைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

பட்டம் வந்தபின் மோசெல் தலைமை ஆசிரியை ஆனாள். வியாழன் மாலைகளில் ஆலயத்தின் பின்னறையில் வளர்ந்த ஆண்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தாள். மாட்டுத் தரகர், மரம் வெட்டி, ஏர் உழுபவர் என்று ஐம்பது வயதைக் கடந்தவர்கள் எவரும் காணாதபடி பின்வாசல் வழியாக வந்து, வேதத்தில் ஒரு வசனத்தைத் தாமே வாசித்துவிட்டு, முன்வாசல் வழியாகப் போனார்கள். அவர்களுள் ஒன்பது பேர் சபையின் காலாண்டுக் கூட்டத்தில் வாக்குரிமை உள்ளவர்கள். இதை மோசெல் எண்ணிச் செய்தாள் என்று சொல்ல முடியாது. எண்ணவே இல்லை என்றும் சொல்ல முடியாது. வெர்லீன் எண்ணினாள்.

இப்போதைய போதகர் காட்ஸ்டனுக்கு மோசெலை மறுக்கவும் மனம் இல்லை, ஏற்கவும் துணிவு இல்லை. ஆகவே, பழைய ஒழுங்கின்படி, ஆகஸ்ட் மாத மூன்றாம் ஞாயிறு பிற்பகலில் அவள் ஒரு சோதனைப் பிரசங்கம் செய்ய வேண்டும். அதைக் கேட்டபின் பிரசங்கிக்க அனுமதி தரலாமா என்று காலாண்டுக் கூட்டம் வாக்களிக்கும் என்று அறிவித்தார்.

"ஆனா ஒண்ணு, சிஸ்டர். பீடத்துல ஏற வேண்டாம். கீழ ஒரு சின்ன மேசை போடச் சொல்றேன். பொம்பளைங்க எப்பவும் கீழயிருந்துதான் பேசியிருக்காங்க."

"சரிங்க பாஸ்டர்" என்றாள் மோசெல். "விதைக்கிறவன் மாடியில ஏறி விதைக்கிறதில்லையே."

அந்தப் பதிலும் ஊரெல்லாம் சுற்றி வெர்லீனின் காதுக்கு வந்தது. எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறாள் என்று எண்ணிய அதே கணத்தில், மாவு பிசைந்துகொண்டிருந்த அவள் விரல்கள் மாவை அளவுக்கு மீறி இறுக்கின. அன்று அவள் சுட்ட ரொட்டியைக் கடிக்க ஹோரஸ் பட்ட பாட்டை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

*

சோதனைக்கு முந்தின நாள் ஆலயத்தைத் துடைக்கும் முறை ஆமென் மூலைப் பெண்களுடையது. பெஞ்சுக்கு எண்ணெய் தேய்த்தபடி வெர்லீன் பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னாள்:

"நாளைக்கு ஆவியானவர் ஏவினா மட்டும் வாயைத் திறங்க. சிநேகத்துக்காக ஆமென் சொல்றது பொய்ச்சாட்சி மாதிரி."

"அதுவும் சரிதான்" என்றாள் ஒருத்தி.

"அவ நம்ம பொண்ணுதானே வெர்லீன்" என்றாள் இன்னொருத்தி, தயங்கியபடி.

"நம்ம பொண்ணுங்கறதாலதான் சொல்றேன். ஆண்டவர் கூப்பிட்டிருந்தா, நம்ம முட்டு எதுக்கு?"

பக்தியின் உடையை இவ்வளவு கச்சிதமாக அழுக்காற்றுக்கு அணிவிக்க முடியும் என்பதை வெர்லீன் அன்றுவரை அறியாள். உடை பொருந்தியிருந்தது. அதுவே அவளைச் சற்று அச்சுறுத்தியது.

மறுநாள் பிற்பகல் இருக்கை கிடைக்காமல் சன்னல்களிலும் ஆட்கள் நின்றனர். வெயில் தகரக் கூரையில் படபடத்தது. மோசெல் கறுப்பு உடையும், இறகோ பூவோ இல்லாத தொப்பியும் அணிந்து, கீழே போட்ட மேசையின் பின்னால் வந்து நின்றாள். தண்ணீர் மொள்ள வந்து, குடத்தைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு, ஊருக்குள் ஓடி இறைவனைப் பற்றிச் சொன்ன பெண்ணைப் பற்றிய வேதப் பகுதியை வாசித்தாள். பிறகு பேசத் தொடங்கினாள்.

நன்றாகத்தான் பேசினாள். ஆனால் இந்த மக்களின் பிரசங்கம் ஒருவர் பேசும் பேச்சன்று. ஒரு கை ஓசை எழுப்பாது. மோசெல் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, மூச்சுவிட்டு, மறுமொழிக்கு நின்றாள். மறுமொழி வரவில்லை. அடுத்த வாக்கியம். மூன்று வெள்ளுடை வரிசைகளும் சுண்ணாம்புச் சுவர்போல் இருந்தன. மூலை வாய் திறவாததால் சபையும் திறக்கவில்லை. பத்து நிமிடத்தில் அவள் குரல் வறண்டது. சொன்னதையே திரும்பச் சொன்னாள். கையிலிருந்த தாளில் அடுத்த வரியைத் தேடினாள்.

அப்போது, வியாழக்கிழமைப் பள்ளியில் அறுபது வயதில் எழுத்தறிந்த சகோதரர் ஐசக் லைட்ஸி, மெல்ல, இரக்கத்தோடு சொன்னார்: "ஆண்டவரே, இவளுக்கு உதவி செய்யும்."

அன்பினால் சொன்னதுதான். ஆனால் தடுமாறி விழுகிற பிரசங்கிக்கு மட்டுமே சொல்லும் சொல் அது. அதைக் கேட்டபின் தேறி நின்ற பிரசங்கி பெனியேலில் இல்லை. வெர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தாள். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி வாயில் செம்புக் காசு வைத்ததுபோல் கசந்தது.

மோசெல் தாளை மடித்து வைத்தாள்.

"அந்தக் குடம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "எல்லாரும் அந்தப் பொண்ணு ஓடினதைப் பத்திப் பேசறோம். குடத்தை யாரும் கேக்கல. வீட்ல தண்ணிக்குக் காத்திருந்தவங்க இருந்தாங்க. அடுப்புல பானை இருந்துச்சு. அவ ஓடிப்போனதுக்கப்புறம், யாரோ ஒருத்தி அந்தக் குடத்தைத் தூக்கிட்டு வந்து அவ வீட்டு வாசல்ல வச்சிருக்கணும். அவ பேரு வேதத்துல இல்ல. ஆனா அவ தூக்கலேன்னா இவ ஓடியிருக்க முடியாது. அந்த ரெண்டாவது பொம்பளை..."

வெர்லீனின் கண் திறந்தது.

அது அவளுடைய குடம். பத்தொன்பது வயதில், கொட்டகையில், இலை கோத்தபடி, மோசெலிடம் அவள் சொன்னது. சொல்லுக்குச் சொல் அதே. "யாரோ ஒருத்தி அந்தக் குடத்தைத் தூக்கியிருக்கணுமில்லடி" என்று அவள் கேட்டபோது, "உனக்கு மட்டும் எங்கேருந்துடி இதெல்லாம் தோணுது?" என்று மோசெல் வாய் பிளந்தாள். இருபத்து மூன்று ஆண்டுகளாக யாருக்கும் காட்டாமல் பொத்தி வைத்திருந்ததை, அழைப்பு மறுக்கப்பட்டபின் தன்னிடம் எஞ்சிய அந்த ஒன்றை, இவள் பெயரும் சொல்லாமல் எடுத்துச் சபை நடுவே வைத்துவிட்டாள்.

பேச்சாளர் நெறி தவறினாலோ நேரம் தாண்டினாலோ இவ்வூரார் கைபிடித்து இறக்குவதில்லை. ஒரு பாட்டை எழுப்பிவிடுவார்கள். பாட்டு எழுந்தால் பேச்சு அமர வேண்டும். அதுவே மரியாதையான முடிவு. எத்தனையோ பெரிய போதகர்களை வெர்லீன் அப்படி அமர வைத்திருக்கிறாள்.

"அந்த ரெண்டாவது பொம்பளை..." என்ற வாக்கியம் முடியுமுன், வெர்லீன் எழுந்தாள். நாலு சுவரும் அதிரச் சொன்னாள்:

"கரைகாணாக் கடலிலென் கைப்பிடித்த நாயகனே..."

அதுவரை பூட்டிக் கிடந்த சபை அந்த வரியின்மேல் விழுந்தது. கூரை இரைந்தது. இழுத்து, ஏற்றி, இறக்கி, வரி முடிந்தது. இனி மோசெல் அமர வேண்டும்.

மோசெல் அமரவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். வெர்லீன் அடுத்த வரியைச் சொல்ல மூச்சிழுத்த அந்த இடைவெளியில், பாட்டறியாத அந்தப் பெண், பாடாமல், பேசும் குரலில், அவ்வரியைத் தானே சொல்லிக் கொடுத்தாள்:

"திரைமோதும் வேளையிலும் திசைமாற விடாதவனே."

வெர்லீன் வாயை மூடியிருக்கலாம். ஆனால் வரி சொல்லப்பட்டால் பாடுவது என்பது அவள் உடம்பில் ஊறிப்போன பழக்கம். அறிவு தடுக்குமுன் தொண்டை திறந்தது. பெனியேலின் முதற்குரல் மோசெல் சொன்ன வரியை ஏந்திப் பாடியது. அந்தக் குரலின் பின்னால் ஆமென் மூலை முழுவதும் எழுந்தது. மோசெல் அடுத்த வரியைச் சொன்னாள், வரிகளுக்கு இடையே குடத்தைப் பற்றிச் சொன்னாள், சபை பாடியது, சன்னலில் நின்றவர்கள் அழுதனர். போதகர் காட்ஸ்டன் பீடத்தினின்று இறங்கி வந்து, மோசெலின் முழங்கையைப் பற்றி, மூன்று படி மேலே ஏற்றி நிறுத்தினார்.

அன்று மாலை கூடிய காலாண்டுக் கூட்டத்தில் ஒரு கையும் எதிராக உயரவில்லை.

வாசலில் எல்லாரும் வெர்லீனைத்தான் முதலில் கட்டிக்கொண்டனர். "சிஸ்டர் ஸ்டப்ஸ், விழுந்தவளை நீங்கதான் தூக்கி நிறுத்தினீங்க" என்றனர். மோசெலும் வந்தாள், வியர்த்திருந்த இரு கைகளாலும் அவள் முகத்தைப் பற்றி, "நன்றிடி" என்றாள்.

*

அதன்பின் பதினேழு ஆண்டுகள், மோசெல் காஸ்கினைப் பீடத்துக்குப் பாடி ஏற்றியவள் என்ற பெயரோடு வெர்லீன் வாழ்ந்தாள். செய்யாத நன்மைக்குக் கிடைத்த புகழ் பிறருடைய செருப்பைப்போல நடக்க நடக்கக் கடித்தது. கழற்றி எறியவும் மனம் வரவில்லை. வேறு செருப்பு அவளிடம் இல்லை. ஆண்டுதோறும் ஆகஸ்ட் மூன்றாம் ஞாயிறு அந்தப் பாட்டை எழுப்பச் சொல்வார்கள். எழுப்புவாள்.

மோசெல் மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் ஆராதனை நடக்கும் சிறு சபைகளுக்கு அனுப்பப்பட்டாள். போதகர் என்று அழைக்கக் கூசிய சபைகளுக்கு. "டீச்சரம்மா" என்றே கூப்பிட்டார்கள். பிறகு, "ரெவரெண்ட் டீச்சரம்மா" என்றார்கள். பேராயர் அவள் தலையில் கைவைத்து முழுப் போதகராக நியமித்த நாளில் வெர்லீன் பின்வரிசையில் அமர்ந்து, மோசெலின் அங்கி தோளில் சரியாக உட்காரவில்லை என்பதை மட்டுமே நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓர் ஆண்டைப் பற்றி மட்டும் வெர்லீன் எவரிடமும் பேசமாட்டாள். வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளியோடு கறுப்புப் பிள்ளைகளின் பள்ளி இணைக்கப்பட்ட ஆண்டு. எல்லாரும் வேண்டிக்கொண்ட நன்மை வந்தது. வரும்போது, இருபது ஆண்டுத் தலைமை ஆசிரியை மோசெலைத் துணைப் பொறுப்புக்கு இறக்கி, புத்தக அறைச் சாவியைக் கையில் கொடுத்தது. அவள் இடத்தில் முப்பத்திரண்டு வயது வெள்ளைக்காரன் ஒருவன் அமர்ந்தான். செய்தி கேட்டு ஊரே கொதித்தது. வெர்லீனுக்குள்ளோ, மழை பெய்து ஓய்ந்த தரைபோல் ஒரு குளிர்ச்சி பரவிற்று. இரண்டு நாள் பாடிக்கொண்டே வேலை செய்தாள். ஒரு பவுண்டு வெண்ணெய் போட்டுக் கேக் சுட்டு, ஆறுதல் சொல்ல எடுத்துப் போனாள்.

மோசெல் கதவைத் திறந்து, கேக்கைப் பார்த்து, அவளைப் பார்த்தாள். "உன் முகம் இன்னைக்கு நல்லா இருக்குடி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தக் கேக்கை இருவரும் ஆளுக்கு இரண்டு துண்டு தின்றனர்.

அந்த இறக்கமும் மோசெலுக்கு ஏற்றமாயிற்று. பள்ளியை விட்டு, மில்லர்ஸ் ஃபெர்ரியில் கறுப்புச் சபைகள் நடத்திவந்த ஹோப்வெல் போதகர் பயிற்சிப் பள்ளியில் கற்பிக்கப் போனாள். நான்காம் ஆண்டில் அதன் தலைவியாகத் தெரிந்தெடுக்கப்பட்டாள். அந்த நாற்காலியில் அதுவரை பெண் எவரும் அமர்ந்ததில்லை.

*

பதவியேற்புக்கு ஒரு வாரம் இருக்கையில், காலை வேளையில், மோசெல் வெர்லீனின் அடுக்களைக்கு வந்தாள். வந்தவள், கேளாமலே நாற்காலியை இழுத்துப்போட்டு, வெர்லீன் உரித்துக்கொண்டிருந்த மொச்சையில் ஒரு கை அள்ளி உரிக்கத் தொடங்கினாள்.

"அந்தப் பாட்டை நீ வந்து எழுப்பணும், வெர்லீன். எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க."

"என்னால முடியாது."

"தொண்டை சரியில்லையா?"

வெர்லீன் மொச்சையைக் கீழே வைத்தாள். "அந்தப் பாட்டு உன்னை ஏத்திவிடப் பாடினது இல்ல, மோசெல். உன்னை உக்கார வைக்கப் பாடினது."

மோசெலின் விரல்கள் நிற்கவில்லை. "தெரியும்."

"எப்பருந்து?"

"அன்னைக்கே. தூக்கிவிடறவ வாக்கியம் முடியட்டும்னு காத்திருப்பா. நீ நடுவுல வெட்டின."

"தெரிஞ்சுமா வருஷா வருஷம் என்னை எழுப்பி நிறுத்தி நன்றி சொன்ன?"

"சொன்னேன். நீ எதுக்குப் பாடினேங்கறது உனக்கும் ஆண்டவருக்கும். அந்தப் பாட்டு இல்லேன்னா நான் விழுந்திருப்பேங்கறது எனக்குத் தெரியும்."

தன் பாவத்தைக்கூட இவள் எடுத்துத் தன் படிக்கட்டாக்கிக்கொண்டாளே என்று வெர்லீனுக்குப் பற்றியெரிந்தது. ஒரு குற்றத்தையாவது முழுதாகத் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியவில்லை.

"சரி. அந்தக் குடம் யாரோடது?"

இப்போது விரல்கள் நின்றன.

"உன்னோடது" என்றாள் மோசெல். "நீ அதைப் பத்தி அப்புறம் பேசவே இல்ல. மறந்துட்டேன்னு நெனச்சேன்." தலையை ஆட்டி, "இல்ல, பொய் சொல்றேன். நீ மறந்திருக்கணும்னு நெனச்சேன்."

"'என் கூட்டாளி ஒருத்தி சொன்னா'ன்னு அரை வரி சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். அரை வரி சொன்னா அது முழுசா உன் பிரசங்கமாயிடுமோன்னு பயந்துட்டேன். கொட்டகையில நீ பேசறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும்டி. உனக்குத் தானா வந்துச்சு. எனக்குப் பதினொரு கோடை ஆச்சு."

வெர்லீன் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். நம்பவில்லை. வெற்றி பெற்றவர்கள் இப்படிச் சொல்வது வழக்கம். அவர்களுக்கு அது ஒரு செலவும் இல்லாத தாழ்மை.

"பதவியேற்புக்கு வரேன்" என்றாள். "பாட மாட்டேன்."

*

ஹோப்வெல் பள்ளியின் ஆலயத்தில் அன்று நிகழ்ச்சித் தாளில், "பாட்டு: சகோதரி வெர்லீன் ஸ்டப்ஸ்" என்று அச்சிட்டிருந்தது. பெயர் வாசிக்கப்பட்டதும் அவள் எழுந்தாள். கைதட்டல் ஓயக் காத்திருந்தாள்.

"நான் பாட வரல" என்றாள். "ஒரு உண்மையைச் சொல்ல வந்திருக்கேன். ஐம்பத்தேழாம் வருஷம் நான் பாடினது ரெவரெண்ட் காஸ்கினுக்குத் துணையா இல்ல. அவங்க வாயை அடைக்கறதுக்கு. அதுக்கு முந்தின நாளே, யாரும் ஆமென் சொல்லக் கூடாதுன்னு நான்தான் ஏற்பாடு பண்ணினேன். ஏன்னா, எனக்குப் பத்தொன்பது வயசுல அதே அழைப்பு வந்துச்சு. என்னை விடல. அவங்களை விட்டாங்க. அதை என்னால தாங்க முடியல. இன்னொண்ணு, அந்தக் குடத்துப் பேச்சு. அது நான் சொன்னது."

தொண்ணூறை நெருங்கிய சகோதரர் லைட்ஸி கைத்தடியை ஊன்றி, "அடிப்பாவி" என்றார், வியப்போடு. யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டனர்.

மேடை மேலிருந்த பெரிய நாற்காலியிலிருந்து மோசெல் எழுந்தாள். "சிஸ்டர் ஸ்டப்ஸ் சொன்னது எல்லாம் உண்மை" என்றாள். "குடத்தை நான் திருடினேன். திருடினதுன்னு தெரிஞ்சே பதினேழு வருஷம் அதுல தண்ணி குடிச்சேன்."

அவ்வளவுதான். ஆலயம் கரைந்துவிட்டது. பெண்கள் எழுந்தனர், கைக்குட்டைகள் உயர்ந்தன, தலைமைப் பேராயர் கண்ணைத் துடைத்தார். எவ்வளவு தாழ்மை, எத்தகைய தலைவி என்று நாற்புறமும் பேச்சு. ஆராதனை முடிந்ததும் மோசெலின் கையைப் பற்ற வாசலிலிருந்து வேலிவரை வரிசை நின்றது.

மரத்தடியில் சாப்பாட்டு மேசைகளின் அருகே ஹோரஸ் கோழி வறுவலைத் தட்டில் எடுத்து மனைவியிடம் நீட்டினான். "பாவத்தைச் சொன்னது நீ. ஆசீர்வாதம் போனது அவளுக்கு" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "பத்தொன்பது வயசுலயா? என்கிட்ட ஏன்டி சொல்லல?" என்றான்.

"நீங்க போன் தமாஷ் பண்ணுவீங்கன்னு" என்றாள். தட்டை வாங்கிக்கொண்டு பெஞ்சில் அமர்ந்தாள். வெறுமையாக இருந்தது. உண்மையைச் சொன்னால் நெஞ்சு லேசாகும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். ஆகவில்லை. அந்த வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அவள் கண் எண்ணிக்கொண்டிருந்தது.

பயிற்சிப் பள்ளியின் மாணவி ஒருத்தி, முப்பது வயதிருக்கும், தயங்கித் தயங்கி வந்து நின்றாள். பெயர் லுவெல்லா. அவள் பின்னால் இன்னும் இருவர்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. அன்னைக்கு உங்களுக்கு என்ன கேட்டது?"

"என்னைக்கு?"

"கொட்டகையில. பத்தொன்பது வயசுல."

வெர்லீன் கோழித் துண்டைத் தட்டில் வைத்தாள். விரலைத் துடைத்துக்கொண்டாள். "குரல்னு ஒண்ணும் கேக்கல" என்றாள். "கொட்டகையில எங்கூட பதினாலு பொம்பளைங்க இலை கட்டிட்டு இருந்தாங்க. திடீர்னு சத்தமெல்லாம் நின்னுபோச்சு. நான் தலையைத் தூக்கிப் பாத்தேன். ஒவ்வொரு முகத்தையும் பாக்கப் பாக்க, அவங்க யார்கிட்டயும் சொல்லாம வச்சிருக்கறது எனக்குத் தெரிஞ்சுது. பயந்து கண்ணை மூடினேன். மூடினா இன்னும் நல்லாத் தெரிஞ்சுது. அப்பத்தான், 'அவங்களுக்குச் சொல்லு'ன்னு..."

"என்னன்னு சொல்லச் சொன்னார்?"

"உக்காருங்க, சொல்றேன்."

அவர்கள் புல்லில் அமர்ந்தனர். தட்டோடு கடந்துபோன இருவர் நின்றனர். ஒரு முதியவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். வெர்லீன் குரலை உயர்த்தவில்லை; உயர்த்தத் தேவை இருக்கவில்லை. "ம்" என்றாள் லுவெல்லா. "சொல்லுங்கம்மா" என்றாள் முதியவள். கோழி ஆறியது, ஒருவரும் கவனிக்கவில்லை. வாசலில் நின்ற வரிசையின் வால் சற்று வளைந்து, மரத்தடிப் பக்கமாகத் திரும்பியது.

பேச்சின் நடுவே வெர்லீன் தலை நிமிர்ந்தாள். அங்கே, வேலியருகே, புதிய அங்கியில் மோசெல் யாரோ ஒருவரின் கையைப் பற்றிக் குலுக்கியபடி நின்றாள். அவள் கண் அந்தக் கையில் இல்லை. மரத்தடிக் கூட்டத்தில் இருந்தது. உதடு புன்னகைத்தது, புன்னகைக்கு மேலே, கண்ணின் ஓரம் சுருங்கி, தாடை இறுகி, ஒரு பார்வை. அந்தப் பார்வை எதுவென்று வெர்லீனுக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. நாற்பது ஆண்டுகளாகக் கண்ணாடியில் தினமும் அதைக் கண்டு முகம் கழுவியவள் அவள்.

அப்படியானால், அடுக்களையில் அவள் சொன்னது மெய்யே.

வெர்லீன் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவசரப்படவில்லை. காலை வசதியாக நீட்டி, மூச்சை ஆழ இழுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து பேசினாள்.